கிராபிக்ஸ் கார்டு மாத்துறதுக்கு முன்னாடி டிரைவரைப் பாருங்க: கேள்வி பதில்

தென்காசி: அண்ணாச்சி, லேப்டாப்புல விண்டோஸ் 10 புதுசா ஏத்தினேன். விண்டோவை நகட்டினா இழுபடுது, ரெசல்யூஷனும் மாற மாட்டேங்குது. போர்டு போச்சுன்னு கடையில சொல்லுதாங்க.

பதில்: போர்டு போயிருந்தா பெரும்பாலும் திரையே வராது. டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறங்க. ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’னு இருந்தா டிரைவர் (கார்டை விண்டோஸ் இயக்க உதவுற மென்பொருள்) ஏறலை. ஜிபியு (படம் வரையுற சிப்) பார்க்க வேண்டிய வேலையைப் பிராசசர் தலையில கட்டி விண்டோஸ் ஒப்பேத்துது, அவ்வளவுதான். லேப்டாப் கம்பெனி தளத்துல மாடல் நம்பர் கொடுத்து டிரைவரை எடுத்துப் போடுங்க. இலவச ‘டிரைவர் அப்டேட்டர்’ பக்கமே போக வேண்டாம். ரீஸ்டார்ட் ஆனதும் ரன்ல டிஎக்ஸ்டயாக் (dxdiag) அடிச்சு, டிஸ்ப்ளே பக்கத்துல கார்டு பேரும் டைரக்ட்3டி ‘எனேபிள்ட்’னும் வருதான்னு பாருங்க.

மேலப்பாளையம்: புதுக் கார்டு போட்டும் கேம் முன்ன மாதிரியே திணறுது.

பதில்: மானிட்டர் கேபிளை மதர்போர்டுல குத்தியிருப்பீங்க. கார்டுல மாத்திக் குத்துங்க.

பாளையங்கோட்டை: கல்யாண வீடியோவுக்கு எஃபெக்ட் போட்டு ரெண்டர் கொடுத்தா திரை கறுத்துட்டுத் திரும்ப வருது. எடிட்டர் மூடிருது.

பதில்: இதுக்குப் பேரு டிடிஆர் (டைம்அவுட் டிடெக்‌ஷன் அண்ட் ரிகவரி). கொடுத்த வேலைக்குக் கார்டு 2 நொடிக்குள்ள பதில் தரலைன்னா, தொங்கிட்டுன்னு முடிவு பண்ணி விண்டோஸ் டிரைவரை ரீசெட் பண்ணும். கார்டு மெமரியில இருந்ததெல்லாம் அப்பவே போயிரும், அதான் எடிட்டர் விழுது. ஈவென்ட் வியூவர்ல விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போங்க. அதே நேரத்துல 4101ங்கிற ஈவென்ட் ஐடி பதிவாகியிருந்தா சந்தேகமே வேண்டாம்.

முதல்ல சூடு. நம்மூர் சித்திரை வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல நாள் முழுக்க ரெண்டர் ஓடினா கார்டு பாவம் என்ன செய்யும்? ஹீட்சிங்க் தூசியை ஊதி எடுங்க, ஃபேன் சுத்துதான்னு பாருங்க. ஓவர்கிளாக் (கார்டை அதோட வேகத்துக்கு மேல ஓட்டுறது) இருந்தா எடுத்துருங்க. பவர் கனெக்டர் முழுசா உள்ள போயிருக்கணும்.

அடுத்தது டிரைவர். புது டிரைவரை முதல்லயே இறக்கி வெச்சுட்டு நெட்டைக் கழட்டுங்க, இல்லைன்னா இடையில விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு ஒண்ணை ஏத்திரும். சேஃப் மோடுல டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) வெச்சுப் பழசைத் துடைச்சுட்டுப் புதுசைப் போடுங்க. என்விடியான்னா கேம் ரெடி வேண்டாம், ஸ்டூடியோ டிரைவர்.

எதுக்கும் மசியலைன்னா மட்டும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் செட்டிங்ஸ் கிடக்கிற இடம்). எச்கேஎல்எம் (HKLM), சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிராபிக்ஸ்டிரைவர்ஸ் வரைக்கும் போய் ‘டிடிஆர்டிலே’ (TdrDelay)ன்னு ஒரு டிவேர்டு (DWORD) உண்டாக்கி, விண்டோஸ் காத்திருக்கிற நொடியா டெசிமல்ல 8 கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்க. 60 போட்டுறாதீங்க. கார்டு நிஜமாவே தொங்கினா அம்புட்டு நேரமும் மெஷின் உறைஞ்சு நிக்கும்.

அம்பாசமுத்திரம்: உபுண்டுல கிராபிக்ஸ் விவரம் காட்டுற ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கமாண்டை ஓட்டினா ரெண்டரர் ‘எல்எல்விஎம்பைப்’ (llvmpipe)னு வருது. சரியா?

பதில்: சரியில்லை, படம் வரையுறது சிபியு. கெர்னல் கமாண்ட் லைன்ல (பூட் ஆகும்போது உபுண்டுக்குப் போற கட்டளை வரி) ‘நோமோட்செட்’ (nomodeset) இருக்கான்னு பாருங்க. இன்ஸ்டால்ல ‘சேஃப் கிராபிக்ஸ்’ எடுத்தவங்களுக்கு அது ஒட்டிக்கிட்டு வரும். பூட் பண்ணுற கிரப்போட செட்டிங்ஸ் ஃபைல்ல (/etc/default/grub) அந்த ஒரு சொல்லை அழிச்சு, அப்டேட்-கிரப் (sudo update-grub) கொடுத்து ரீபூட் பண்ணுங்க.

வள்ளியூர்: 4ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப். டிரைவர் சரியாத்தான் இருக்கு, யூடியூப் 1080-ல சிபியு எகிறுது.

பதில்: யூடியூப் பெரும்பாலும் அனுப்புறது விபி9 மாதிரிப் புது வீடியோ வடிவம். விபி9-க்கு முழு ஹார்டுவேர் டிகோடர் (வீடியோவை ஜிபியுவே விரிக்கிற வசதி) இன்டெல் 7ஆம் தலைமுறையிலதான் வந்துச்சு. எச்264ங்கிற பழைய வடிவத்தை உங்க சிப் சுலபமா கையாளும். குரோம்ல ‘எச்264ஐஃபை’ (h264ify) மாதிரி, யூடியூப்பை எச்264 அனுப்ப வைக்கிற எக்ஸ்டென்ஷனைப் போட்டு, டாஸ்க் மேனேஜர் ஜிபியு பக்கத்துல ‘வீடியோ டிகோட்’ கோடு ஏறுதான்னு பாருங்க. 1080-க்கு மேல கிடைக்காது. அந்தத் திரைக்கு அது தேவையும் இல்லை.