தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டம்: பொறுப்பேற்றவர் எங்கே தொடங்குவது?

தொடக்கப் பள்ளியில் பாடத்திட்டப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கிறேன், அதை வலுவாக அமைத்து ஆசிரியர்களையும் அதன் வழியே கொண்டுசெல்ல எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்டுப் புத்தகங்களில் தொடங்குங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு மூன்று பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கி ஒரே மேசையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

நான் அப்படித் தொடங்கவில்லை. பொறுப்பு கைக்கு வந்த முதல் விடுமுறை முழுவதும் உட்கார்ந்து தடிமனான கோப்பு ஒன்றைத் தயாரித்தேன். நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து ஒரு வகுப்பறைக்குள் போனால், ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்தக் கோப்பை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்தது.

பிறகுதான் நோட்டுகளைப் பரப்பினேன். இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்பு மூன்றிலும் அதே செடி: வேர், தண்டு, இலை, பூ. மூன்று ஆண்டுகளில் கோடுகள் கொஞ்சம் நேராகியிருந்தன, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், பென்சிலை அளவுகோலின் 0 இல் வைக்காமல் 3 இல் தொடங்கி வைத்தால் அதன் நீளம் என்ன என்ற கேள்வி எந்த வகுப்பு நோட்டிலும் இல்லை. கீழ் வகுப்பு ஆசிரியர்கள் அது மேலே வரும் என்று நினைத்திருந்தார்கள். மேல் வகுப்பு ஆசிரியர்கள் அது கீழேயே முடிந்திருக்கும் என்று நினைத்திருந்தார்கள். யாரிடமும் குற்றம் இல்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் இருக்கும் அந்த இடத்துக்குப் பொறுப்பாளர் இல்லை.

பாடத்திட்டம் என்றால் எதற்காக, எந்த அனுபவங்கள் மூலம், எந்த ஒழுங்கில், கற்றார்களா என்று எப்படி அறிவது என்ற நான்கு கேள்விகளை அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949 இல் முன்வைத்தார். என் அட்டவணையை இந்த நான்கோடு ஒப்பிட்டபோது, மூன்றாவது கேள்வியை முழுதாக விட்டிருந்தது தெரிந்தது. உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960 இல் சொன்ன சுருள் பாடத்திட்டமும் இந்த ஒழுங்கைப் பற்றியதுதான். ஒரே கருத்துக்குப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வரலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறியிருக்க வேண்டும். எங்கள் செடி ஏறவே இல்லை; நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டாம் வகுப்பில் பாகங்களின் பெயர், மூன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பாகத்தின் வேலை, நான்காம் வகுப்பில் விதை உண்டாவதும் பரவுவதும், ஐந்தாம் வகுப்பில் இலை உணவு தயாரிப்பது என்று போகிறது.

ஒழுங்கு எவ்வளவு ஆழமான விஷயம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சமக்குறி. 8 + 4 = □ + 5 என்று எழுதி, ஐந்தாம் வகுப்பில் கட்டத்தை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். சரியான விடை 7. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் 12 என்றார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்றார்கள். இதை ஆராய்ந்தவர்களும் இதே இரண்டு தவறுகளைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் ஐந்தாம் வகுப்பில் இல்லை. ஒன்றாம் வகுப்பு முதல் 3 + 4 = என்று ஒரே வடிவத்தில் கணக்குப் போட்ட பிள்ளைக்கு, சமக்குறி என்றால் 'இனி விடையை எழுது' என்று பொருள். இரு பக்கமும் ஒரே மதிப்பு என்று அந்தப் பிள்ளை படிப்பதில்லை. ஆகவே மருந்தை ஒன்றாம் வகுப்பில்தான் கொடுக்க வேண்டும்: 7 = 3 + 4 என்றும் எழுத வேண்டும், 5 + 2 = 4 + 3 என்றும் எழுத வேண்டும், தராசில் வைத்தும் காட்ட வேண்டும்.

இதைச் சொன்னபோது ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்குக் கோபம் வந்தது. என்னைவிட அனுபவத்தில் மிக மூத்தவர். ஐந்தாம் வகுப்பில் நடக்கும் தவறுக்கு நான் ஏன் என் பாடத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விவாதம் செய்யாமல், ஒரு பாடவேளை அவருடைய வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்களே ஐந்தாம் வகுப்புக்குப் போய் அந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரிடம் எழுத்து பழகிய அதே பிள்ளைகள், தயக்கமே இல்லாமல் 12 என்று எழுதி நீட்டினார்கள். அடுத்த வாரம் அவருடைய கரும்பலகையில் 7 = 3 + 4 இருந்தது. என் கோப்பில் அதை நூறு முறை எழுதியிருந்தாலும் இது நடந்திருக்காது. பாடத்திட்டத்தை வழிநடத்துவது என்று நான் இன்று நினைப்பது பெரும்பாலும் இந்த வேலையைத்தான்: கீழ் வகுப்பு ஆசிரியரை மேல் வகுப்பிலும், மேல் வகுப்பு ஆசிரியரைக் கீழ் வகுப்பிலும் உட்காரவைப்பது.

வாசிப்பு மோசமாக இருக்கிறது, அதனால் அறிவியல் பாடவேளையை எடுத்து வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுங்கள் என்று உங்களிடமும் வருவார்கள். கொடுக்காதீர்கள். டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988 இல் 64 மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைப் படிக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை அறிந்திருந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். உலகத்தைப் பற்றிய அறிவைக் குறைத்துவிட்டு வாசிப்பை வளர்க்க முடியாது.

சேர்ப்பது எளிது, எடுப்பதற்குத்தான் ஆள் கிடைக்க மாட்டார்கள். தேர்வு, விழா, விடுப்பு எல்லாம் போக ஆண்டில் உண்மையில் எத்தனை பாடவேளை கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். அந்த எண்ணிக்கையில் மீட்டலுக்கும், அதாவது படித்ததைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவருவதற்கும், இடம் வையுங்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, கற்றதும் வரும் முதல் மணிநேரங்களில்தான் மறதி மிக வேகமாக இருக்கிறது என்று 1885 இலேயே காட்டிவிட்டார். நாங்கள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் போன வாரத்திலிருந்து ஒரு கேள்வி, போன பருவத்திலிருந்து ஒரு கேள்வி கேட்கிறோம். மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் வைத்தால் அது இன்னொரு தேர்வாகிவிடும், பிள்ளைகள் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள்.

உங்களுக்கு ஒரே நிபந்தனை சொல்வேன். ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார வாரம் ஒரு பாடவேளையைத் தலைமையாசிரியரிடம் முதலில் கேட்டு வாங்குங்கள். பள்ளி முடிந்த பிறகு கூடலாம் என்பார். சம்மதிக்காதீர்கள், அந்த நேரத்தில் எல்லோருடைய கண்ணும் கடிகாரத்தில் இருக்கும். முதல் ஆண்டு ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கணிதத்தை எடுத்தோம். அந்தக் கணிதப் பாடத்திட்டம் இப்போது ஆசிரியர் அறைச் சுவரில் ஒரே தாளாக ஒட்டப்பட்டிருக்கிறது, பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில் தொங்குகிறது. அளவுகோல் வரியை மட்டும் மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டுக்கும், திரும்ப மூன்றுக்குமாக இதுவரை இரண்டு முறை அடித்து மாற்றியிருக்கிறார்கள்.