ஒரு பாட்டில் பிரேக் ஆயில் ஓடியும் லீவர் கெட்டியாகவில்லையா?

பைக்கின் முன் பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டரும் (லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) ஹோஸும் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள், கீழே சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் வழியாக ஒரு பாட்டில் ஆயில் ஓட்டியும் லீவர் கைப்பிடியைத் தொடுகிறது என்கிறீர்கள். எனக்கென்னவோ, காற்று மேலேயே, ஹோஸை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் பாஞ்சோ போல்ட்டில்தான் மாட்டியிருக்கிறது என்று படுகிறது. குமிழி மேலே ஏறத்தான் பார்க்கும். கீழே இழுத்தால் லேசில் வராது.

சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள். ரிசர்வாயர், அதாவது ஹேண்டிலில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா, உயரும். இப்போது லீவரை நுனிவிரலால் லேசாக மட்டும் தட்டித் தட்டி விடுங்கள். உள்ளே பொடிப்பொடியாகக் குமிழி எழும். அது நின்றதும் லீவரை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இறுக்கிய பிறகே கையை எடுங்கள். டேங்க்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், டாட் 4 பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும்.

அப்புறம், போல்ட்டின் இரண்டு பக்கமும் வாஷர் புதிதுதானே? பழையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.