பெட்டியில் கிடந்த ஜப்பான் நோட்டுகள்

வணக்கம் ஐயா,

தாத்தாவின் தகரப் பெட்டியில், இரண்டாம் உலகப் போரில் பர்மாவைப் பிடித்திருந்த ஜப்பானியர்கள் அங்கே புழக்கத்தில் விட்ட பத்து ரூபாய் நோட்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. 1945இல் வெள்ளைக்காரர்கள் அவற்றைச் செல்லாது என்று அறிவித்ததால்தான் குடும்பம் நொடித்தது என்பார்கள். அது உண்மையா? போருக்குப் பின் ஹங்கேரியில் நடந்ததும் இதேதானா?

ஒரு வாசகர், மோல்மேன், பர்மா

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அறிவிப்பு உங்கள் குடும்பத்தைப் பாதித்தது உண்மை. ஆனால் நோட்டின் மதிப்பு அதற்கு முன்பே ஏறக்குறைய முழுவதும் கரைந்திருந்தது. கட்டிலிருந்து ஒரு நோட்டை உருவிப் பாருங்கள். வரிசை எண் இருக்காது, பர்மாவைக் குறிக்கும் 'பி'யில் தொடங்கும் எழுத்துக் குறிதான் இருக்கும். படைச் செலவுக்கு வேண்டிய அளவுக்கெல்லாம் அச்சடித்தார்கள். வாங்குவதற்கோ சரக்கு இல்லை. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாட்டில் கப்பல் போக்குவரத்து நின்றதும், ஐராவதி ஆற்று டெல்டாவில் நெல் விலைபோகாமல் கிடந்தது. இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த துணியோ கண்ணில் படவில்லை. கையில் நோட்டு வந்தவுடன் அதைத் தள்ளிவிட்டு ஒரு லுங்கியோ ஒரு படி உப்போ வாங்கிவிட வேண்டும் என்று எல்லோரும் பறந்தால், அந்த அவசரமே விலையை மேலும் ஏற்றிவிடும்.

ஹங்கேரியிலும் இதே சுழல்தான், ஆனால் அது சொந்த அரசு அச்சடித்த பணம். தொழிற்சாலைகள் சிதைந்திருந்தன, 30 கோடி டாலர் போர் இழப்பீடு தலையில் இருந்தது, வரியாக வசூலித்த பணம் கஜானாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் மதிப்பிழந்தது. ஆகவே மேலும் அச்சடித்தார்கள். 1946 ஜூலையில் விலைகள் சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தன. ஆகஸ்ட் 1ஆம் தேதி போரிண்ட் என்ற புதிய நாணயம் வந்த பிறகுதான் அது நின்றது.

இத்தகைய பணவீக்கத்தில் கடன் வாங்கியவர் தப்பிப்பார். கடன் கொடுத்தவரும், கூலியை மிச்சம் பிடித்துப் பணமாகவே வைத்திருந்தவரும் அழிவார்கள். ஜெர்மனியில் 1923இல் அப்படி அழிந்த அடமானக் கடன்களுக்கு, 1925இல் சட்டம் இயற்றி நான்கில் ஒரு பங்கு மதிப்பையாவது மீட்டுக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் ரங்கூனுக்குத் திரும்பிய மே 1945க்குப் பிறகு, அங்கே ஏழைகளின் சிறு தொகைகளையாவது மாற்றிக் கொடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். நம் கூலிக்காரர்களுக்கு நிலமோ நகையோ கிடையாது, பெட்டியில் இருந்த காகிதம் மட்டும்தான்.

கட்டில் எத்தனை நோட்டுகள், தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று எழுதுங்கள்; போருக்கு முந்தைய கூலிக் கணக்கில் அது எத்தனை மாத உழைப்பாக இருந்திருக்கும் என்று சேர்ந்து பார்ப்போம்.