பழைய கார் வாங்க முதல்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சிக்கல்தான். காரைப் பார்த்து, பிடித்துப்போய், முற்பணமும் கொடுத்த பிறகு என்னிடம் கேட்கிறார்கள். முதலில் பரிசோதனை, பிறகு காசு. ஒவ்வொரு தடவையும் இதை எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

கேள்வி: நல்ல கார் ஒன்று வாங்க யோசிக்கிறேன். எதை வாங்கலாம்? (கோண்டாவில்)

வீட்டில் எத்தனை பேர், தினமும் எவ்வளவு ஓட்டம், கையில் எவ்வளவு காசு, மனுவலா ஓட்டோவா, ஒன்றுமே எழுதவில்லை. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. விவரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: 2014 விற்ஸ், மீற்றர் 58,000 காட்டுகிறது. வைத்திருந்தவர் ஆசிரியர், பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் ஓடினாராம். நம்பலாமா? (சுன்னாகம்)

ஆளை வைத்துக் காரை எடை போடாதீர்கள். டிஜிற்றல் மீற்றரைக் குறைப்பது அரை மணி நேர வேலை. ஆண்டுக்கு 12,000, 15,000 ஓடுவது சாதாரணம். பத்து வருடம் தாண்டிய கார் 58,000இல் நின்றால் அதற்கு வேறு சாட்சி வேண்டும்.

பிறேக் பெடல் றப்பரைப் பாருங்கள். வலது ஓரம் வழுவழு என்று தேய்ந்திருந்தால் அது 58,000 ஓடிய றப்பர் இல்லை. றப்பர் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் கவனம், யாரோ காரணத்தோடுதான் மாற்றியிருக்கிறார்கள். சாரதி சீற்றில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு, ஸ்ரேறிங்கில் கை பிடிக்கும் இடம், கண்ணாடி சுவிட்ச் எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ரயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. இரண்டு சோடி ரயர் தேய்த்து மூன்றாவது போட்டிருக்கும் கார் 58,000 ஓடியதென்றால் கணக்கு உதைக்கிறது. ஜப்பானில் ஓடிவிட்டு றீகண்டிஷனாக வந்த கார் என்றால் ஒக்சன் ஷீற்றை, அதாவது அங்கே ஏலத்தில் காரின் நிலையைக் குறித்த தாளைக் கேளுங்கள். அங்கே ஏலத்தில் நின்றபோதே 50,000 என்று அதில் எழுதியிருந்தால் மிச்சத்தை நீங்களே கணக்குப் பார்க்கலாம். ஷீற்றில் உள்ள சசி (காரின் சட்டகம்) இலக்கம் இந்தக் காருடையதுதானா என்பதையும் ஒப்பிடுங்கள். வேறு காரின் ஷீற்றை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: தரகர் மூலம் வகன் ஆர் ஒன்று பேசி 3 இலட்சம் முற்பணம் கொடுத்துவிட்டேன். இனி என்னென்ன பார்க்க வேண்டும்? (மானிப்பாய்)

முதலில் ரசீதைப் பாருங்கள். 'பரிசோதனையில் குறை கண்டால் முற்பணம் திருப்பித் தரப்படும்' என்ற வரி இருக்கிறதா? இருந்தால் நாளைக்கே விடிய, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். தரகர் காட்டும் கராஜுக்குப் போகாதீர்கள். அந்த வரி இல்லையென்றால் நீங்கள் எதைக் கண்டுபிடித்தாலும் விலை பேசும் பலம் உங்களிடம் இல்லை. தயவு செய்து மற்றவர்களாவது இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: 141 கொறோலா ஒன்று பார்த்தேன். றேடியேற்றர் மூடியைத் திறந்தால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணிதான் விடுகிறோம், ஊரில் எல்லாரும் அப்படித்தானே என்கிறார் உரிமையாளர். இது ஒரு குறையா? (உரும்பிராய்)

குறைதான், பெரிய குறை. ஊரில் எல்லாரும் விடுகிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் நோகச் செய்கிற விஷயம்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றில் வருவது அந்தக் கல்லுக்குள் தங்கிய தண்ணீர். உங்கள் வீட்டுக் கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் பிடித்திருக்கிறதே, எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழிகளிலும் அதேதான் பிடிக்கிறது. படிவு தடிக்கத் தடிக்க எஞ்சினின் சூடு தண்ணீருக்கு இறங்காது. தீவுப் பக்கம், கரையோரப் பக்கம் என்றால் தண்ணீரில் உப்பும் சேர்ந்துவிடும். அது அலுமினியத்தை அரிக்கும்.

முந்தி ஓடிய கார்கள் இதைத் தாங்கின என்பது உண்மை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் வார்ப்பிரும்பு எஞ்சின், அதன் மேல் மூடியான ஹெட்டும் வார்ப்பிரும்பு. றேடியேற்றர் செம்பும் பித்தளையும். அடைத்தால் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் பற்றவைத்துத் திரும்பப் பூட்டலாம். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் அந்தக் கார்களை ஓட்டினார்கள். அப்போது கூலன்றுக்கு (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவத்துக்கு) எங்கே போவது? கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு வழி இல்லை. அந்தப் பழக்கம் அப்படியே இன்றைய கார்களுக்கும் வந்துவிட்டது. இன்றைய எஞ்சினும் ஹெட்டும் அலுமினியம். றேடியேற்றர் குழாய்கள் மிக மெல்லியவை, இரு பக்கத் தொட்டியும் பிளாஸ்ரிக். அடைத்தால் குத்த முடியாது. ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளையும், ஹெட் கஸ்கெற் போகும், தண்ணீரும் ஓயிலும் கலக்கும்.

இன்னொன்று, இது விற்கிறவர்கள் சொல்லாதது. சூடேறுகிற காரை விற்பதற்கு முன் சில இடங்களில் இரண்டு வேலை செய்வார்கள். சூட்டுக்கு ஏற்றபடி தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவார்கள். றேடியேற்றரின் காற்றாடியை (பான்) திறப்பைத் திருப்பியதுமே சுற்றும்படி நேரடியாக இக்னிசனில் இணைத்துவிடுவார்கள். ஊருக்குள் ஓடிப் பார்த்தால் சூடு ஏறவே ஏறாது. வாங்கியவர் கொழும்புக்கு வெளிக்கிட்டு ஏ9இல் ஒரே வேகத்தில், ஏசியும் போட்டு ஓடும்போது முறிகண்டிக்கு அங்கால் சூட்டு ஊசி ஏறும். இதைப் பிடிப்பது லேசு. விடிய, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஏசியை நிறுத்திவைத்துத் திறப்பை மட்டும் திருப்புங்கள். பான் உடனே சுற்றத் தொடங்கினால் காரணம் கேளுங்கள். பிறகு ஸ்ராற் பண்ணி நிற்கவிடுங்கள். ஒழுங்கான காரில் முதலில் பான் நிற்கும், எஞ்சின் சூடானதும் தானாகப் போடும், சற்றுப் பொறுத்து நிற்கும், திரும்பப் போடும். இந்தச் சுற்றை இரண்டு தடவையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் திறவுங்கள். சூட்டில் திறந்து முகம் வெந்தவர்கள் இருக்கிறார்கள். ரோச் அடித்து உள்ளே பாருங்கள். குழாய் வாய்களில் வெள்ளை, காவிப் படிவு தெரிந்தால் உள்ளே அதைவிட அதிகம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஓயில் மூடியின் அடியில் பால் மாதிரிப் பசை இருந்தாலோ அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

உங்கள் 141க்கு என் பதில்: எண்ணெய்ப் படலம் இல்லை, பான் ஒழுங்காகச் சுற்றுகிறது, ஒரு மணி நேர ஓட்டத்தில் ஊசி அசையவில்லை என்றால், றேடியேற்றர் மாற்றும் செலவையும் எஞ்சினைக் கழுவும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். வாங்கினால் கூலன்ற் விடுங்கள். கலக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த தண்ணீர். கிணறு வேண்டாம்.

கேள்வி: காரின் பொடி (தகட்டு உடம்பு) பார்க்கக் காந்தம் கொண்டு போகலாமா? (நல்லூர்)

கொண்டு போங்கள், பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பிய இடத்தில் ஒட்டாது. பம்பர் பிளாஸ்ரிக் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அதைவிட முக்கியம் பொனற்றைத் திறந்து மட்காட் ஆணிகளின் தலையைப் பார்ப்பது. பெயின்ற் உரிந்து ஸ்பானர் பட்ட அடையாளம் இருந்தால் ஒரு காலத்தில் கழற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: கொழும்பில் ஒரு அக்சியோ, இங்குள்ள விலையைவிட 8 இலட்சம் குறைவு. வெள்ளத்தில் நின்றதோ என்று அண்ணை பயப்படுகிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? (நீர்வேலி)

அண்ணை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் தெற்கில் எத்தனையோ வாகனங்கள் தண்ணீருக்குள் நின்றன. அவை எங்கேயோ விற்கப்படத்தானே வேண்டும்.

சீற் பெல்றைக் கடைசி வரை இழுங்கள். வழமையாகச் சுருண்டே இருக்கும் அந்தக் கடைசி முழத்தை ஒருவரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கேதான் இருக்கும். காபெற்றின் ஓரத்தைத் தூக்கி அடியில் கை வையுங்கள். சீற் பூட்டிய ஆணி, டாஷ்போட்டின் அடியில் உள்ள இரும்புப் பட்டிகள், ஸ்பெயார் வீல் கிடங்கு, எல்லா இடத்துக்கும் ரோச் அடியுங்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றின் துரு கீழே இருந்து, சில்லு வளைவில் இருந்து வரும். உள்ளே, காற்றுப் படாத இடத்தில் துரு இருந்தால் அது வெள்ளத் துரு. மழை பெய்யும்போதோ இரவிலோ கார் பார்க்காதீர்கள். ஈரப் பொடி எல்லாம் நல்ல பொடிதான்.

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பியிருக்கிறான். கார் நல்லது, மெக்கானிக்கும் பார்த்துவிட்டார். ஆனால் ஓப்பின் பேப்பர், பெயர் மாற்றாமல் பழைய உரிமையாளரின் கையெழுத்து மட்டும் உள்ள படிவம். விற்கிறவர் மூன்றாவது கை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் குருநாகலில் உள்ள ஒருவருடையது. பிரச்சினை வருமா? (சாவகச்சேரி)

காரைப் பார்த்த அளவுக்குப் பேப்பரைப் பார்க்கவில்லை. ஓப்பின் பேப்பர் என்றால் சட்டத்தின் கண்ணில் அந்தக் கார் இன்றும் குருநாகல்காரருடையதுதான். அவர் இறந்தாலோ, வெளிநாடு போனாலோ, கையெழுத்து என்னுடையதல்ல என்று சொன்னாலோ நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள்? இடையில் இருந்த இரண்டு பேரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, சிறு கட்டணம் கட்டி விவரம் எடுக்கலாம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை, அல்லது தீர்த்தும் பெயர் எடுக்கவில்லை. இரண்டுமே உங்களுக்கு ஆகாது. புத்தகத்தின் போட்டோக்கொப்பியைக் காட்டி 'ஒரிஜினல் வீட்டில் இருக்கிறது' என்றால் ஒரிஜினலைப் பார்க்கும் வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தம்பி குளிரில் நின்று உழைத்த காசு. பெயர் மாற்றித் தரச் சொல்லுங்கள், முடியாதென்றால் வேறு கார் தேடுங்கள்.

கேள்வி: பெற்றோலிலும் பற்றறியிலும் ஓடும் ஹைபிறிட் கார் அக்குவா வாங்கலாமா? பற்றறி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். (கொக்குவில்)

வாங்கலாம். ஸ்கானர் (காரின் கணினியைப் படிக்கும் கருவி) போட்டு ஓட்டத்திலேயே பற்றறியின் ஒவ்வொரு பகுதி வோல்ற்றேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மற்றவற்றை விட விலகி இறங்கினால் வேண்டாம். பின் சீற் பக்கத்தில் பற்றறிக்குக் காற்றுப் போகும் வலை இருக்கிறது. அதில் தூசி அடைத்திருந்தால் வைத்திருந்தவர் எப்படிப் பராமரித்தார் என்பது தெரிந்துவிடும். மாதக் கணக்கில் ஓடாமல் நின்ற ஹைபிறிட் எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: பருத்தித்துறை வரை ஓட்டிப் பார்த்து வாங்கிய கார், நுவரெலியா போகும் வழியில் ஏறவில்லை. என்ன பிழை விட்டோம்? (அச்சுவேலி)

குடாநாடு முழுக்கச் சமதரை. இங்கே எவ்வளவு ஓட்டினாலும் கிளச்சும் கியர் பொக்ஸும் பாரம் உணராது. மனுவல் என்றால் ஹான்ட் பிறேக்கை முழுக்க இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. ஒரே ஒரு தடவை செய்தால் போதும். சீவீரீ (கியர் படிகள் இல்லாத ஓட்டோ) என்றால் அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து ஒரே மிதி மிதியுங்கள். 20, 40 கிலோமீற்றர் வேகத்துக்கு இடையில் உதறினால் எடுக்க வேண்டாம். உங்கள் காரை இப்போது நல்ல கராஜ் ஒன்றில் காட்டுங்கள், கிளச்சா எஞ்சினா என்பது அங்கே தெரியும்.

கேள்வி: காரைநகரில் நின்ற கார். அடிப்பக்கம் புதிதாகக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். நல்லதுதானே? (வட்டுக்கோட்டை)

விற்கும் வாரத்தில் அடித்த கறுப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை. கடற்காற்றில் நின்ற கார். லிப்ற்றில் ஏற்றி, ஸ்குரூ டிறைவரின் பிடியால் சசி நெடுகத் தட்டிப் பாருங்கள். கிண் என்று கேட்க வேண்டும். பொத் என்று கேட்கும் இடத்தில் உள்ளே துரு.

கேள்வி: கொறோலா 110க்கும் 121க்கும் ரைமிங் பெல்ற் (எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பெல்ற்) எப்போது மாற்றுவது? (உடுவில்)

110க்கு பெல்ற், ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை. மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுங்கள். 121க்கு செயின், அதற்குத் தவணை இல்லை.

கேள்வி: ஸ்கான் றிப்போட்டில் ஒரு பிழையும் இல்லை. இனி வேறு பரிசோதனை தேவையா? (அரியாலை)

தேவை. பிழைக் குறியீடுகளை இரண்டு நிமிடத்தில் அழித்துவிட்டுக் காரை உங்களிடம் தரலாம். ஸ்கான் செய்தவரிடம் கேளுங்கள், கடைசியாக அழித்த பிறகு கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று. பல கார்களில் அதையும் ஸ்கானர் காட்டும். 5, 10 கிலோமீற்றர் என்றால் இரண்டு நாள் ஓட்டவிட்டுத் திரும்ப ஸ்கான் பண்ணுங்கள். அதுவரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.