ஏற்காட்டுக் குளிரில் கேனோபியில் கை வைக்காதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து ஷெட்டில், இரண்டு பேர் உட்காரும் கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவது) ஒன்றைக் கட்டிவருகிறேன். உடற்பகுதி முடிந்துவிட்டது. கேனோபி, அதாவது இருக்கைகளுக்கு மேலே வரும் ஒளிபுகும் மூடி, ஒரே அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) குமிழாக வந்திருக்கிறது. இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் வைத்தால், பின்னால் இடதுபுறம் 6 மி.மீ. இடைவெளி தெரிகிறது. ரிவெட் அடித்து இழுத்தால் ஒட்டிக்கொள்ளாதா? வெட்ட ஜிக்சா ரம்பம் போதுமா? ஜனவரிக்குள் முடித்துவிட்டு, ஓமலூர் பக்கம் பார்த்து வைத்திருக்கும் ஷெட்டுக்கு இறக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: வரிசையை மாற்றுங்கள். முதலில் உடற்பகுதியை ஓமலூருக்கு இறக்குங்கள், குமிழை அங்கே வைத்து வெட்டுங்கள். ரிவெட் அடித்து இழுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஜிக்சாவும் வேண்டாம்.

அக்ரிலிக் குளிர்ந்தால் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். ஏற்காட்டு ஜனவரிக் காலையில் 12, 13 டிகிரி சாதாரணம். அந்தக் குளிரில் துளை போட்டால், பிட் மறுபக்கம் வெளியே வரும் அந்தக் கணத்தில்தான் ஆபத்து. என் முதல் குமிழில் அப்படித்தான் ஆனது. மார்கழிக் காலை, கடைசி வரிசைத் துளைகள். நகத்தைச் சுண்டியதுபோல ‘டிக்’ என்று ஒரு சத்தம். துளையிலிருந்து ஒரு விரற்கடை நீளத்துக்கு வெள்ளி இழைபோல ஒரு விரிசல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னொரு விரற்கடை நகர்ந்தது. மூன்று மாத வேலை அத்தோடு போயிற்று.

குமிழின் உடம்பு 27 டிகிரிக்குக் கீழே இருந்தால் நான் கருவியை எடுப்பதே இல்லை. 30, 32 என்றால் நிம்மதி. சேலத்தில் மாசி, பங்குனி மாத மதியங்களில் ஹீட்டர் இல்லாமலே இது கிடைத்துவிடும். மலையிலேயே செய்தாக வேண்டும் என்றால், தார்ப்பாயால் கூடாரம் கட்டி, உள்ளே இரண்டு ரூம் ஹீட்டர் வைத்து, சில மணி நேரம் சூடு ஊறவிட்டு, குமிழைத் தொட்டுப் பார்த்து ஆரம்பிக்கலாம். ஹீட் கன் கூடாது. ஓரிடம் மட்டும் சுட்டு, பக்கத்து இடம் குளிர்ந்திருந்தால் அங்கேயே இறுக்கம் சேரும். என்னைக் கேட்டால் இறக்குவதே மேல். உங்கள் உடற்பகுதி எப்படியும் கீழே வந்துதான் ஆக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவிலும் புதிதாகத் துளை போட்ட கேனோபியைக் குலுக்கிக்கொண்டு வருவதைவிட, வெட்டாத குமிழை மெத்தை மேல் படுக்கவைத்துக் கொண்டுவருவது எவ்வளவோ பத்திரம்.

இடம் மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணம், வெப்பத்தில் விரிவது. ஒரு மீட்டர் அக்ரிலிக், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மி.மீ. நீளும். இரும்பு அதில் ஆறில் ஒரு பங்குதான். குளிர்ந்த காலையில் 12 டிகிரி, சித்திரை வெயிலில் நிற்கும்போது 52 டிகிரி என்று வையுங்கள். அக்ரிலிக் 2.8 மி.மீ. நீண்டிருக்கும், அதன் கீழிருக்கும் இரும்புக் குழாய் அரை மி.மீ.கூட நீண்டிருக்காது. இந்த 2.3 மி.மீ. வித்தியாசத்துக்குப் போக்கிடம் வேண்டும். அதனால்தான் துளையைப் பெரிதாகப் போடுகிறோம். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 4 மி.மீ. துளை என்பது வழக்கம். உங்கள் கிட்டின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. மீதி அசைவைக் குமிழ் தன் வளைவில் கொஞ்சம் உப்பிக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும். 32 டிகிரியில் துளையிட்டால், ரிவெட் துளையின் நடுவில் நிற்கும். குளிரிலும் வெயிலிலும் இரண்டு பக்கமும் சம இடம் இருக்கும். 12 டிகிரியில் துளையிட்டால், அசைவு முழுக்க ஒரே பக்கமாக வந்து ரிவெட்டை முட்டும்.

இனி அந்த 6 மி.மீ. இழுத்து ஒட்டவைத்தால் அன்றைக்கு ஒட்டும். ஆனால் அந்த ஓரம் இரவும் பகலும் இழுவிசையிலேயே இருக்கும். அப்படி இறுகி நிற்கும் அக்ரிலிக் மேல் ஒரு சொட்டுத் தின்னர் பட்டாலே, மேற்பரப்பில் மயிரிழைபோல நூறு கோடுகள் ஓடும். தவறு குமிழில் இருக்காது, சட்டத்தில்தான் இருக்கும். குழாயை வெல்டிங் செய்யும்போது இழுத்துக்கொள்வது சகஜம். முதலில் சட்டம் உடற்பகுதியோடு சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். பிறகு, மரக்கட்டை மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, இடதுபுறக் குழாயை வளையுங்கள். குமிழை வையுங்கள், எடுங்கள், மறுபடி வளையுங்கள். இதற்கு இரண்டு நாள் ஆனாலும் தகும். கிளாம்ப் இல்லாமல் குமிழ் தானாகப் படிந்து நிற்க வேண்டும், கையை எடுத்ததும் எழும்பக் கூடாது. கடைசியில் ஒரு மி.மீ., ஒன்றரை மி.மீ. மிஞ்சினால் ரப்பர் பட்டையைச் சொருகுங்கள். பின்புற இணைப்பை எப்படியும் ‘பாவாடை’ எனப்படும் ஃபைபர் கிளாஸ் மூடுபட்டை மறைத்துவிடும்.

வெட்டுவதற்கு, கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல். பல் உள்ள ரம்பம் அக்ரிலிக்கைக் கவ்விப் பிளந்துவிடக்கூடும். முதல் வெட்டில் கோட்டுக்கு வெளியே 25 மி.மீ. விட்டு, குமிழை வார்க்கும்போது அச்சு பிடித்திருந்த விளிம்பை மட்டும் எடுங்கள். ஆர்வி என்ற வகைக் கிட் விமானம் கட்டுபவர்கள் ‘பிக் கட்’ என்று சொல்லும் வெட்டு, குமிழை முன்கண்ணாடியாகவும் நகரும் பகுதியாகவும் பிரிப்பது. அதைச் செய்யும்போது வெட்டிய இடத்தின் குறுக்கே ஒரு சாணுக்கு ஒன்று என்று டேப் ஒட்டிக்கொண்டே போங்கள். ஒரு ஆள் துண்டைத் தாங்கிப் பிடிக்கட்டும். வெட்டு முடியும் தறுவாயில் துண்டு தன் எடையில் தொங்கினால், கடைசி விரற்கடை கிழிந்துவிடும்.

வெட்டிய ஓரத்தை அப்படியே விடாதீர்கள். 120 உப்புத்தாளில் தொடங்கி, 220, 400 என்று தேய்த்து, விரல் நுனி வழுக்கும்வரை கொண்டுவாருங்கள். விரிசல் எப்போதும் ஓரத்துக் கீறலில்தான் பிறக்கிறது. இரவானாலும் வேலையைக் கரடான ஓரத்தோடு நிறுத்தக் கூடாது. துளைக்கு, நுனி கூராகவும் வெட்டும் விளிம்பு மழுங்கவும் தீட்டிய அக்ரிலிக் பிட் வாங்குங்கள். அடியில் மரத்துண்டு கொடுங்கள். துளையைப் பெரிதாக்க, படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் நல்லது.

பாதுகாப்பு உறையை வேலை நடக்கும் ஓரம் மட்டும் உரித்தால் போதும். டேப் பசையை எடுக்கத் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதையும் கொண்டுபோகாதீர்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் அப்படியே. திருகு கழலாமல் இருக்க லாக் திரவம் ஊற்றும் பழக்கம் இருந்தால், இங்கே அதையும் விடுங்கள், அது வழிந்து துளைக்குள் போனால் விரிசல் நிச்சயம். சோப்புத் தண்ணீரை நிறைய விட்டு, பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும்.

ரிவெட் அடித்து முடித்த பிறகு, மறுநாள் விடியும் முன்னால், ஷெட் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது டார்ச்சோடு போங்கள். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து ஒவ்வொரு துளையின் விளிம்பையும் பாருங்கள். இழை ஏதாவது பளிச்சென்று தெரிந்தால் அந்த ரிவெட்டை எடுத்துவிட்டு, இழையின் நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். நகரும் பகுதியில் இப்படி ஒன்றிரண்டு இழை இருந்தால் தாங்கும். முன்கண்ணாடியில் இருந்தால், அந்தத் துண்டை மாற்றாமல் பறக்க வேண்டாம்.