நாகர்கோவிலில் இருந்துகொண்டே முதல் நீண்டதூர டிரையத்லானுக்குத் தயாராக முடியுமா?

கேட்டவர் 10 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடுகிறார், ரோடு சைக்கிள் வைத்திருக்கிறார், ஊர்க்குளத்தில் நீச்சல் பழகியவர். அடுத்த வருடமே முழு அயர்ன்மேன், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற நீண்டதூர டிரையத்லான், போகலாமா என்கிறார்.

தயாராகலாம். ஆனால் முதலில் பாதித் தூரம் போங்கள். முழுசு என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதன் பிறகு 42.2 கி.மீ. ஓட்டம். பாதியில் 1.9, 90, 21.1. கோவாவில் 2019இல் தொடங்கியது இந்தப் பாதித் தூரப் போட்டிதான். பேர்தான் பாதி, காலையில் கடலில் இறங்கினால் பலருக்கு மதிய வெயிலில்தான் ஓட்டமே முடியும். வேலைக்குப் போகிற ஒருவருக்கு முதல் வருடத்தில் அதுவே தாராளம்.

பயிற்சி அட்டவணை இணையத்தில் எத்தனையோ கிடைக்கும். அவற்றை எழுதியவர்களுக்கு நம்மூர்க் கடலும் தெரியாது, காற்றும் தெரியாது. கோவா போட்டி வருவது அக்டோபர், நவம்பர் வாக்கில். அதற்கு முந்தைய மாதங்களில்தான் பயிற்சி உச்சத்தில் இருக்கும். நமக்கோ அது தென்மேற்குப் பருவமழைக் காலம். முட்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் வரை கடல் ஆளைக் கிட்ட அண்டவிடாது. அதனால் கடல் பழக்கத்தை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். மற்ற மாதங்களுக்கு நீச்சல் குளம் போதும். கை வீச்சும் மூச்சும் சரியாவது அங்கேதான். கடலில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்ப்பது, உப்புத்தண்ணீர் வாய்க்குள் போனாலும் பதறாமல் இருப்பது, சொறிமீன் (ஜெல்லிமீன்) உரசினாலும் நீந்திக்கொண்டே இருப்பது.

கடலுக்குத் தனியாக ஒருநாளும் போகாதீர்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். "இண்ணு எறங்காண்டாம் தம்பி, நீவாடு சரியில்ல" என்றால் அத்தோடு திரும்பிவிட வேண்டும். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். மேலே அலையே இல்லாதது போலத் தெரியும் நாளிலும் அடியில் அது இழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வேறு. எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் அதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஊர்க்குளமென்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். தேரூர்ப் பக்கம் போலத் தாமரை மண்டிய குளங்களில் கொடி காலைச் சுற்றினால் நல்ல நீச்சல்காரரும் திணறுவார். அணைப்பக்கம் போகவே வேண்டாம்.

நீச்சல் உடை பற்றிக் கவலைப்படாதீர்கள். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் நீச்சல் உடை) போட்டவருக்குப் பரிசுக் கணக்கில் இடமில்லை. நம் கடலும் கோவாக் கடலும் அதைத் தாண்டித்தான் இருக்கும்.

சைக்கிளுக்கு நம் மாவட்டம் மாதிரி இடம் கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அள்ளிக்கொண்டு போகும். முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மாவா? அதிகாலையில் நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு நோக்கிப் போனால் காற்று முதுகில் தள்ளும், நாம்தான் பெரிய ஆள் என்று தோன்றும். திரும்பும்போது தெரியும் சங்கதி. அந்தத் திரும்புகிற பாதிதான் உங்கள் உண்மையான பயிற்சி. வேகமானியைப் பார்க்காதீர்கள், அது மனதைக் கெடுக்கும். பேச முடிகிற அளவு மூச்சில், உடம்பைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்தத்தில் மிதியுங்கள். பக்கவாட்டில் லாரி கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று மறுபடி அடிக்கும். ஹேண்டிலை இறுக்காமல் பிடித்தால்தான் சைக்கிள் நேராகப் போகும். போட்டியில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து ஒளியக் கூடாது, அபராதம் உண்டு. குழுவாகப் போய்ப் பழகியவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மேடு வேண்டுமென்றால் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்ட நிழலில் ஏறி இறங்கலாம். வளைவுகளில் பஸ் வரும், ஜாக்கிரதை.

வாரம் ஒருநாளாவது சைக்கிளை விட்டு இறங்கியவுடன் 20 நிமிடம் ஓடுங்கள். முதல் பத்து நிமிடம் கால் நம்முடையதாகவே இருக்காது. அது பழகப் பழகச் சரியாகும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும், பழகியவர்கள் 90 வரை போவார்கள். வயிறு அதைத் தாங்கப் பல மாதப் பழக்கம் வேண்டும். மட்டிப்பழம் ருசிதான், ஆனால் தோல் மெலிசு, சட்டைப்பையில் கூழாகிவிடும். ஏத்தன் பழத்தை (நேந்திரம் பழம்) அவித்து, துண்டு போட்டு, உப்புத் தூவி எடுத்துப் போங்கள். பெரிய பழம் ஒன்றில் 40, 50 கிராம் தேறும். கருக்கு (இளநீர்) குடித்தால் எல்லாம் சரியாகும் என்பது நம்மூர் நம்பிக்கை. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். வியர்வையில் போவது சோடியம். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தே குடியுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள் என்று கணக்கு. அப்புறம் எவ்வளவு குடிப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கோவாவுக்கு நாகர்கோவிலிலிருந்து கொங்கண் வழியாகப் போகிற வாராந்திர ரயிலில் ஏறினால் மட்காவில் இறங்கலாம். சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட முன்கூட்டியே வீட்டில் பழகிவிடுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். அதைக் கழற்ற வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும்.