துபாயில் வேலை பார்க்கிறேன். கூட வர யாருமில்லை. இரண்டு நாள் லீவில் தனியாக மஸ்கட் போய் வரலாமா? போரடிக்காதா, பயமில்லையா?

தாராளமாகப் போய் வாருங்கள்.

கூட வருவதாகச் சொன்ன தோழிகள் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இங்கே ஒருத்திக்கு ஞாயிறு லீவு, இன்னொருத்திக்கு ஷிஃப்ட், மூன்றாமவளுக்கு விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கம்பெனியில். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் எல்லாம் கூடிவருவது அபூர்வம்.

நான் சார்ஜாவில் பெட் ஸ்பேஸில் இருக்கிறேன். கட்டிலைச் சுற்றி ஒரு திரை, காலடியில் ஒரு பெட்டி, அவ்வளவுதான் என் இடம். பாத்ரூமுக்கு முறை, அடுப்புக்கு முறை. வீட்டுக்குப் போன் பேசினால் அறை முழுக்கக் கேட்கும். கூட இருப்பவர்கள் நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தனியாகப் போனால் போரடிக்காதா என்று கேட்கிறீர்கள் பாருங்கள், அதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. நம் மாதிரி ஆட்களுக்கு இந்த ஊரில் கடல் கிடைக்கும், மால் கிடைக்கும், யாருமில்லாத ஒரு அறை கிடைக்காது. மஸ்கட்டில் ஹோட்டல் கதவைச் சாத்திவிட்டு, நட்டநடு மதியத்தில் திரையை இழுத்துவிட்டு, அலாரம் வைக்காமல் தூங்கி எழுந்தேன். அந்தத் தூக்கத்துக்காகவே மறுபடி போவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிப் பழகிய கைக்குத் தனக்கென்று ஒரு ஹோட்டல் ரூம் போட மனசு வராது. வருஷம் ஒருமுறை வரும் வெகேஷனும் கல்யாணம், காதுகுத்து, கடன் கணக்கு, சொந்தக்காரர் வீடு என்று ஓடிவிடும். அது லீவுதான், ஆனால் ஓய்வு இல்லை. இரண்டு நாள் செலவை நீங்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் மட்டும் எந்த ஹோட்டல், எப்போது திரும்புகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். "யார் கூடப் போறே?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். "தனியாத்தான்மா" என்று நேராகச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது.

இனி காரியத்துக்கு வருவோம்.

முதலில் விசா, அப்புறம்தான் டிக்கெட். எமிரேட்ஸ் ரெசிடென்ஸ் இருப்பவர்கள் ராயல் ஓமன் போலீஸின் இ-விசா தளத்தில் ஜிசிசி ரெசிடென்ட் (வளைகுடா நாடுகளில் வசிப்பவர்) பிரிவில் விண்ணப்பிக்கலாம். ரெசிடென்ஸ் விசாவில் குறைந்தது மூன்று மாதமும் பாஸ்போர்ட்டில் ஆறு மாதமும் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் ஏஜென்ட் சொல்வதைவிட அந்தத் தளத்தில் இருப்பதையே நம்புங்கள்.

பஸ்ஸா, விமானமா? 2024 முதல் சார்ஜா ஜுபைல் பஸ் நிலையத்திலிருந்து ஓமனின் முவாசலாத் பஸ் மஸ்கட்டுக்கு ஓடுகிறது. மலைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம், கட்டணமும் குறைவு. ஆனால் பார்டரில் இறங்கி ஏறுவது எல்லாம் சேர்ந்து பகலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தரை வழியாக வெளியேற எமிரேட்ஸ் பக்கம் தனியாக எக்ஸிட் கட்டணமும் உண்டு. மூன்று நாள் கிடைத்தால் பஸ்ஸில் போங்கள். இரண்டே நாள் என்றால் விமானம்தான். ஒரு மணி நேரப் பயணம், முன்கூட்டிப் போட்டால் டிக்கெட்டும் கட்டுப்படியாகும். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை போங்கள். மே முதல் செப்டம்பர் வரை பகலில் நடக்கவே முடியாது, நடக்க முடியாவிட்டால் இந்த ஊரில் தனியாக என்ன செய்வீர்கள்?

மஸ்கட் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹஜர் மலை, நடுவே நீளவாக்கில் கிடக்கிற ஊர். விமான நிலையத்திலிருந்து பழைய துறைமுகமான மத்ராவுக்கே 35 கிலோமீட்டர் அளவுக்கு வரும். துபாய் மெட்ரோ மாதிரி இங்கே எதுவும் கிடையாது. பட்டியல் போட்டுக்கொண்டு எல்லா இடத்துக்கும் ஓடினால் பாதி நேரமும் பாதிப் பணமும் டாக்ஸிக்கே போகும். அதனால் என் யோசனை ஒன்றுதான்: மத்ராவில் தங்குங்கள், மத்ராவிலேயே சுற்றுங்கள். கடலைப் பார்த்த பழைய ஹோட்டல்கள் சில இருக்கின்றன. ஆடம்பரம் இருக்காது, லிஃப்ட் மெதுவாகத்தான் வரும், ஆனால் வாசலில் இறங்கினால் கார்னிஷ், அதாவது கடலோர நடைபாதை. கடல் பக்கத்து அறை வேண்டும் என்று புக் செய்யும்போதே எழுதிவிடுங்கள்.

மத்ராவை விட்டுத் தூரமாகப் போய் ஒரே ஒரு இடம் மட்டும் பார்த்தே ஆகவேண்டியது, சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல். அது விமான நிலையத்துக்கும் மத்ராவுக்கும் நடுவில் இருப்பது நமக்கு வசதி. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி. சனிக்கிழமை விடியற்காலை விமானத்தில் போய் இறங்கி, தோள்பையோடு நேரே அங்கே போய்விடுங்கள். தலைமுடி, மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை கால் மூடியிருக்க வேண்டும். தளர்வான முழுக்கைச் சட்டையும் ஒரு ஷாலும் போதும். இல்லாவிட்டால் வாசலில் அபாயா வாடகைக்குக் கிடைக்கும்.

அபுதாபி பள்ளிவாசலைப் பார்த்திருப்பீர்கள், அது கண்ணைப் பறிக்கும். இது அப்படியில்லை. 2001-ல் திறந்தது. 3 லட்சம் டன் இந்திய மணற்கல்லில் கட்டியிருக்கிறார்கள். வெளியே நிறமெல்லாம் அடங்கியே இருக்கும். தொழுகைக் கூடத்தில் ஒரே விரிப்பாகக் கிடக்கும் கம்பளம் 4,343 சதுர மீட்டர். ஈரானின் குராசான் பகுதியில் 600 பெண்கள் நான்கு வருஷம் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது, மொத்தம் 170 கோடி முடிச்சு. நாம் அதை மிதிக்கக் கூடாது என்பதற்காக மேலே நீல நிறத்தில் ஒரு நடைபாதை விரித்திருப்பார்கள். கூட்டமாக வருகிறவர்கள் தலைக்கு மேலே தொங்கும் 14 மீட்டர் உயரச் சரவிளக்கைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் தனியாகத்தானே வந்திருக்கிறீர்கள், அவசரப்படுத்த ஆளில்லை. பாதையின் ஓரமாகக் குனிந்து கம்பளத்தைக் கிட்டத்தில் பாருங்கள். தூரத்தில் ஒரே சிவப்பாகத் தெரிந்தது அருகே வரும்போது பச்சை, நீலம், வெண்ணெய் நிறம் என்று பிரியும். ஒரு பூவிதழின் ஓரத்துக்கு மட்டும் எத்தனை நிறம் மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். பிறகு வெளியே இருக்கும் தகவல் மையத்தில் ஈச்சம்பழமும் கஹ்வா என்ற அரபுக் காபியும் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். உட்காருங்கள். அங்கிருக்கும் பெண்கள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

மதியம் அறைக்கு வந்து தூங்குங்கள். சூக் என்கிற மத்ராவின் பழைய சந்தையும் அந்நேரம் மூடித்தான் இருக்கும், சாயங்காலம்தான் திறப்பார்கள்.

விளக்குப் போட்ட பிறகு சூக்குக்குள் போங்கள். முன்வாசல் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கான சால்வையும் காந்தப் பொம்மையும்தான். அதைத் தாண்டி உள்ளே போகப் போகத் துணிக்கடை, வெள்ளிக்கடை, பாத்திரக்கடை என்று உள்ளூர்க்காரர்கள் வாங்கும் சந்துகள் வரும். ஹிந்தியோ மலையாளமோ தெரிந்தால் பேரம் பேசச் சிரமமே இல்லை. வாங்கினால் சாம்பிராணி வாங்குங்கள். அது இந்த நாட்டின் தெற்கே, தோஃபார் மரங்களிலிருந்து வருவது. லுபான் என்று கேளுங்கள், ஹோஜாரி என்பது உயர்ந்த ரகம். பழுப்புக் கட்டிகள் விலை குறைவு. பால்வெள்ளையில் லேசாகப் பச்சை ஓடினால் அது நல்லது. கடைக்காரரிடம் ஒரு கட்டியைக் கரியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தயங்காமல் போடுவார். மட்டமானது கருகிய வாடையோடு புகையும். நல்லதில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மாதிரி ஒரு வாசனை முதலில் வரும்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு ரியால் ஏறக்குறைய ஒன்பதரை திர்ஹம். "மூணே ரியால்" என்றதும் நம் கை தானாகப் பர்ஸுக்குப் போகும், மனசுக்குள் பத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா, நூறு பைசாவுக்கும் நோட்டு உண்டு, அதை நூறு ரியால் என்று நினைத்துப் பதற வேண்டாம். திர்ஹம் வாங்கிக்கொள்ளும் கடைகள் பத்துக்கு ஒன்று என்றே கணக்குப் போடும், அதனால் மாற்றிக்கொண்டு போவது லாபம்.

சூக்கை ஒட்டியே மதிலுக்குள் ஒரு குடியிருப்பு இருக்கிறது, சூர் அல் லவாத்தியா. சிந்துப் பக்கத்திலிருந்து பல தலைமுறைக்கு முன்னால் வந்த லவாத்தி சமூகத்தினர் வாழ்ந்த இடம். வெளியாட்கள் உள்ளே போகக் கூடாது. வாசல் திறந்திருக்கிறதே என்று நுழைந்துவிடாதீர்கள்.

பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ராத்திரி பத்து மணிக்கும் கார்னிஷில் குழந்தைகுட்டியோடு குடும்பங்கள் நடக்கின்றன, நானும் நடந்தேன். கடைக்காரர்கள் "எந்த ஊரு, இந்தியாவா?" என்று கூப்பிடுவார்கள், சிரித்துவிட்டு நடந்தால் பின்னால் வருவதில்லை. சூக்குக்குப் பின்னால் விளக்கில்லாத சந்துகளுக்கு இருட்டிய பிறகு போகவேண்டிய தேவை கிடையாது. டாக்ஸிக்கு ஓடாக்ஸி ஆப் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் கைகாட்டி நிறுத்தினால் ஏறுமுன் ரேட் பேசிவிடுங்கள். தனியாகச் சாப்பிட உட்காருவதுதான் சிலருக்குக் கூச்சம். கார்னிஷை ஒட்டிய டீக்கடைகளில் பாதிப்பேர் தனியாள்தான், கரக் டீயோடு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

ரியாமிலிருந்து மலை மேல் ஏறி மத்ராவில் இறங்கும் ஒரு பழைய நடைவழியைப் பலர் பரிந்துரைப்பார்கள். பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை அடித்து வழி காட்டியிருக்கும். அழகான வழிதான், ஆனால் இதை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். கால் பிசகினால் மேலே ஆளிருக்காது. வேறு நடைக்காரர்கள் கிளம்பும் குளிர்கால விடியற்காலையில், தண்ணீரோடு, அவர்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் போகலாம்.

ஞாயிறு காலை மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள். நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்து 2017-ல் திறந்த கட்டடம், கடலோரமாக வளைந்து கிடக்கும் கூரை. உள்ளே வஞ்சிரமும் சூரையும் ஆள் நீளத்துக்குக் கிடக்கும். வாங்கின மீனை வெட்டித்தர ஆட்கள் தனியாக நிற்பார்கள், அவர்கள் கத்தி ஓடும் வேகத்தை நின்று பார்க்கலாம். பிறகு ஒரு டாக்ஸி பிடித்துப் பக்கத்திலேயே இருக்கும் பழைய மஸ்கட். 1507-ல் இந்தத் துறைமுகத்தைப் பிடித்த போர்ச்சுகீசியர் 1580-களில் கட்டிய ஜலாலி, மிரானி கோட்டைகள் இரண்டும் ஆளுக்கொரு பாறை மேல் நிற்கும், நடுவில் நீலமும் தங்க நிறமுமாக அல் ஆலம் அரண்மனை. 1650-ல் ஓமானியர்கள் அவர்களைத் துரத்திவிட்டார்கள். அரண்மனைக்குள் விடமாட்டார்கள், வெளியே நின்று படம் எடுக்கலாம். எதிரே இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் வெயில் ஏறும் நேரத்தைக் கழித்துவிட்டு, அங்கிருந்தே விமான நிலையம் போய்விடலாம்.

மஸ்கட்டைத் தாண்டி இருக்கும் வாதி ஷாப், பிம்மா பள்ளம், நிஸ்வா கோட்டை எல்லாம் இன்ஸ்டாகிராமில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். இந்த இரண்டு நாளில் அவற்றைத் திணிக்காதீர்கள். அதற்குக் காரும் கூட ஒரு ஆளும் வேண்டும். நிஸ்வாவின் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமை காலையில்தான் கூடும் என்பதால் வியாழன் ராத்திரியே அங்கே போய்த் தங்கியாக வேண்டும்.